வைட்டமின் முட்டை

நசரத்பேட்டை
10.6.2025, செவ்வாய்

சுலோவுக்கு,

நீ சுகமா, அழகேசன் அண்ணன் சுகமா, நிஷாவுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டதா? கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டேன். இனி என் பாட்டைக் கேள்.

முட்டைத் தட்டு இல்லாமல் வெறும் கடிதம் வருகிறதே என்று ஆசிக்கைப் பிடித்துத் திட்டாதே. இங்கே ஏற்றினால்தானே அந்தப் பிள்ளை லோடு ஆட்டோவிலிருந்து அங்கே இறக்குவான். விஷயத்தை ஞாயிற்றுக்கிழமையே போனில் சொல்ல வந்தேன். "முட்டை எங்கே, முட்டை எங்கே" என்று நீ கத்தின கத்தில் சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது பார்.

கோழிகள் சாகின்றன, சுலோ.

முதலில் ஒன்றிரண்டு போய்க் கொட்டகை மூலையில் உட்கார்ந்தன. இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அலகிலிருந்து எச்சில் ஒழுக, கழுத்து நடுங்க. வெயில்தான் என்று தண்ணீர் தெளித்தேன். கழிச்சல் என்று மோர் வைத்தேன். நேற்றுக் காலையில் அந்தச் சிவப்புச் சேவல், உன்னைக் கண்டாலே துரத்துமே, அது எழுந்து நிற்கப் பார்த்துக் கால் மடங்கி விழுந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். என் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு இப்டி ஒப்பாரி வெச்சிகினு கீற? கோழிதானே, செத்தா கொயம்பு வெய்யி" என்கிறார். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அவருடைய கம்பெனியை மூடியதிலிருந்து இந்தக் கோழியில்தான் அடுப்பு எரிகிறது என்பது பச்சையப்பனாருக்கு மறந்துபோய்விட்டது.

இரண்டு கோழியைக் கூடையில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் சண்முகசுந்தரம் கண்ணை விரித்துப் பார்த்தார், அலகைத் திறந்து முகர்ந்தார். "என்னம்மா மருந்து வெச்சே?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் கோழிக்கு நானே எதுக்கு சார் மருந்து வைக்கப்போறேன்?" என்று கேட்டேன். "கத்தாதே. பூச்சி மருந்து எதையோ தின்னிருக்கு. தீவனமா, தண்ணியா, பக்கத்துத் தோட்டமா, போய்ப் பாரு" என்று ஊசி போட்டார். வைட்டமின் ஈ-யும் சி-யும் எழுதிக் கொடுத்து, குடிக்கிற தண்ணீரில் கலந்து எல்லாக் கோழிக்கும் வைக்கச் சொன்னார். ஒரு கோழி அவர் மேஜையிலேயே போய்விட்டது.

பின்பக்கத்து மல்லித் தோட்டக்காரரோடு சண்டை போட்டாகிவிட்டது. மருந்தே அடிக்கவில்லை என்று அவர் கற்பூரம் அணைக்கத் தயாராக நிற்கிறார். தவிட்டுக் கடைக்காரரோடும் சண்டை போட்டாகிவிட்டது. இனி சண்டை போட ஆள் இல்லை.

இப்போதைக்கு முட்டை கிடையாது. உன் ஃபிளாட்காரர்களிடம் சொல்லிவிடு.

எரிச்சலோடு,
கனிமொழி


அம்பத்தூர்
12.6.2025

என் கோபக்காரக் கனிக்கு,

உன் சுலோ ஆசையோடு எழுதுவது. படித்ததும் மனசே சரியில்லை. அந்தச் சேவல் பிழைத்ததா? என்னைத் துரத்தினதுதான், இருந்தாலும் பாவமாக இருக்கிறது. நீயும் சாப்பிடாமல் கொள்ளாமல் கொட்டகையிலேயே கிடக்காதே. உனக்கு ஏற்கெனவே தலைசுற்றல்.

ஆனால் என் நிலைமையையும் கொஞ்சம் நினைத்துப் பார், கனி. நீ கோழிக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். நான் மூன்று பிளாக்குக்கும் பதில் சொல்ல வேண்டும். 'பி' பிளாக் மதிவதனி இருக்கிறாளே, மதுரைப் பக்கத்துப் பெண், ஐடி கம்பெனியில் வேலை, அவள் குழந்தைக்கு இப்போதுதான் மஞ்சள் கரு ஊட்ட ஆரம்பித்திருக்கிறாள். "அக்கா, கடை முட்டை வேணாம், உங்க ஃபிரண்டு முட்டைதான் வேணும்" என்று வந்து நிற்கிறாள். போன மாதம் தட்டில் கோழிப்பேன் ஊர்ந்ததைப் படம் எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட்டு என் மானத்தை வாங்கினதும் இதே மகராசிதான். அதையும் பேசிச் சமாளித்தேன். பேன் போனால்தான் தட்டை எடுப்பேன் என்று உன்னிடம் கண்டிப்பாகச் சொன்னேன், நீயும் போக்கினாய். எல்லாம் சரியாகிவருகிற நேரத்தில் முட்டையே இல்லை என்றால் நான் என்ன செய்வேன், சொல்.

தீவனத்தைப் பார். அந்தத் தவிட்டுக் கடையை மாற்று, மாற்று என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நான் சொல்லி நீ என்றைக்குக் கேட்டிருக்கிறாய்?

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். இவர் வேலை பார்க்கிற கிடங்கிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பொடியில் பேன் சுத்தமாகப் போய்விட்டதுதானே? மூட்டைக்கு அடியில் தூவுகிற சரக்கு அது. "ஒரு வண்டு மிஞ்சாது" என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறார். நீ போன் பண்ணி ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை என்று அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். வெள்ளிக்கிழமையாவது இரண்டு தட்டு அனுப்பப் பாரேன், என் கண்ணில்லே.

உன் முட்டைக்குத் தவம் கிடக்கும்,
சுலோ


நசரத்பேட்டை
17.6.2025

சுலோவுக்கு,

அழகேசன் அண்ணனிடம் என் நன்றியைச் சொல்லிவிடு. ஒரு வண்டு மிஞ்சவில்லை. கோழியிலும் பாதி மிஞ்சவில்லை. சேவல் போய்விட்டது.

உன் கடிதம் வந்த அன்றைக்கு டாக்டரே கொட்டகைக்கு வந்தார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். தவிட்டை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகர்ந்தார். அப்புறம் சாம்பல் குழிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார். வெயிலுக்குக் கோழி மணலையும் சாம்பலையும் வாரி மேலே போட்டுக்கொண்டு புரளும், பேனும் அதில்தான் உதிரும், நீயே பார்த்திருக்கிறாய். "சாம்பல்ல வெள்ளையா என்னம்மா இது?" என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன், சுலோ, பெருமையாக! "பேன் மருந்து சார். மேல தூவினா கண்ணுல பட்டுடும்னு சாம்பல்ல கலந்து வெச்சேன். அதுங்களே பூசிக்கும்."

அந்த மனுஷன் முகம் போன போக்கைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பூசிக்கும். அப்புறம் அலகால இறகைக் கோதும். கோதினா எங்க போவும்? வயித்துக்குத்தானே போவும்! இது கிடங்குத் தரையில போடற விஷம்மா. உயிர் இருக்கிற எது மேலயும் படக்கூடாது" என்று கத்தினார். வேலிக்கு அந்தப் பக்கம் மல்லித் தோட்டக்காரர் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். கேட்டுவிட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். பேசியிருந்தால்கூடத் தேவலை.

யாரைத் திட்டுவது, சொல். பொடி உன் வீட்டிலிருந்து வந்தது. டப்பாவில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை, பழைய சத்துமாவு டப்பா. சாம்பலில் கலக்கிற புத்தி என் மண்டையிலிருந்து வந்தது. நீ நெருக்காமல் இருந்திருந்தால் சுண்ணாம்பு அடித்து, வேப்பிலைப் புகை போட்டு மெதுவாகப் போக்கியிருப்பேன். திட்ட ஆள் கிடைக்காமல் பாத்திரங்களைப் போட்டு மோதிக்கொண்டிருக்கிறேன்.

வைட்டமின் கொடுத்தால் விஷம் இறங்கிவிடுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "இறங்காது. உள்ள போன விஷம் ஈரலையும் மத்ததையும் அரிக்கும்போது, வைட்டமின் கொஞ்சம் முட்டுக் கொடுத்து நிக்கும், அவ்வளவுதான். மிச்சம் இருக்கிற கோழி தேறிடும். தேறிடுச்சுன்னு விஷம் போயிடுச்சுன்னு நினைச்சுக்காதே. அது கொழுப்புல இருக்கும், முட்டையில வரும். நான் சொல்ற வரைக்கும் ஒரு முட்டையும் ஒருத்தர் வாயில போகக் கூடாது" என்றார்.

சாம்பலை வாரி ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தாயிற்று. ஒவ்வொரு கோழியையும் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். கையெல்லாம் கீறல், எரிகிறது.

நீ உடனே ஒன்று செய். பொடி போட்டதற்கு அப்புறம் அனுப்பின முட்டை யார் வீட்டில் மிச்சம் இருந்தாலும் வாங்கிக் குப்பையில் போடு. மதிவதனியிடம் முதலில் போய்ச் சொல். குழந்தை விஷயம், விளையாடாதே.

கனிமொழி


அம்பத்தூர்
19.6.2025

கனிக்கு,

என் வீட்டுக்காரர் விஷம் கொடுத்தார் என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? அவர் உனக்கு உதவி செய்யத்தானே யாருக்கும் தெரியாமல் கிடங்கிலிருந்து எடுத்துவந்தார்? தினமும் அந்தப் பொடிக்குள்ளேயே நின்று மூட்டை இறக்குகிறார். அவருக்கு என்ன ஆயிற்று? கை கொஞ்சம் உரியும், இருமுவார், அதெல்லாம் வேலை என்றால் இருக்கத்தான் செய்யும். கோழிக்கு வெயில் தாங்கவில்லை, அதோடு இதுவும் சேர்ந்திருக்கும். டாக்டர்கள் எல்லாவற்றையும் இப்படித்தான் பெரிதாகச் சொல்லி மிரட்டுவார்கள். நீயும் ஒன்று என்றால் ஒன்பது என்கிற ஆள்.

சரி, சண்டை வேண்டாம். கோபப்பட்டு எழுதிவிட்டு நானே இங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். மிச்சக் கோழி தேறுகிறது என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துத்தான் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதில் எனக்கு ஒரு யோசனையும் வந்தது. கோழி தினமும் வைட்டமின் தண்ணீர்தானே குடிக்கிறது? அப்படியானால் அது இடுகிற முட்டை என்ன முட்டை? வைட்டமின் முட்டை! 'நம்ம கனி அக்காவின் நாட்டுக்கோழி இப்போது வைட்டமின் ஊட்டத்தோடு' என்று குரூப்பில் ஒரு வரி போட்டேன். அப்பப்பா, எத்தனை பேர் கேட்கிறார்கள்! பேன் விஷயத்தில் ஓடிப்போனவர்கள்கூடத் திரும்பி வந்துவிட்டார்கள். உன் பெயர் இந்த மூன்று பிளாக்கிலும் நிற்கப்போகிறது, கனி.

இட ஆரம்பித்ததும் அனுப்பு. முரண்டு பிடிக்காதே.

உன் நல்லதையே நினைக்கும்,
சுலோ


நசரத்பேட்டை
24.6.2025

சுலோசனாவுக்கு,

வைட்டமின் முட்டையா? அடிப் பாவி! உன் கடிதத்தை இரண்டாம் தடவை படிக்கத் தெம்பில்லாமல் அடுப்பில் போட்டேன்.

கோழிகள் இட ஆரம்பித்துவிட்டன. எனக்கு அதுதான் பெரிய கொடுமை. வைட்டமின் உள்ளே போனதும் கொண்டை சிவந்து, முன்னைவிட நன்றாக இடுகின்றன. காலையில் கூடையில் எடுக்கும்போது வெதுவெதுப்பாக இருக்கிறது. எடுத்துக்கொண்டு போய்க் குழியில் போட்டு மண்ணைத் தள்ளுகிறேன். என் கையாலேயே தள்ளுகிறேன். வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "முட்டய மண்ணுல பொதைக்கிற பொம்பளய இப்பதான்மா பாக்குறேன். உனுக்கு இன்னா, மண்ட கிண்ட கொயம்பிடுச்சா?" என்கிறார். பார்க்க நல்ல முட்டைதான். உடைத்தால் கரு மஞ்சளாக, அழகாகத்தான் இருக்கிறது. டாக்டர் சொன்னதை இந்தக் காதால் கேட்டிருக்காவிட்டால் நானே வேகவைத்துத் தின்றிருப்பேன்.

நீ எழுதினதில் எனக்கு வேண்டிய ஒரு வரி இல்லை. மதிவதனியிடம் சொன்னாயா, இல்லையா? சொல்லியிருந்தால் எழுதியிருப்பாய். நீ சொல்லவில்லை. குரூப்பில் போட்டதை எடு. கனி அக்கா முட்டையில் மருந்து கலந்துவிட்டது, யாரும் சாப்பிடாதீர்கள் என்று போடு. என் பெயர் கெட்டால் கெடட்டும். அது என் பெயர், அதற்கு நான் அழுதுகொள்கிறேன்.

பட்டாபிராமில் தங்கச்சிக்கு வளைகாப்பு. வியாழக்கிழமை போகிறேன், திரும்ப ஒரு வாரம் ஆகும். கோழிக்குத் தண்ணீர் வைப்பதையும் முட்டையைப் புதைப்பதையும் இவரிடம் ஆயிரம் தடவை சொல்லிவிட்டுப் போகிறேன். வருவதற்குள் நீ ஃபிளாட்டில் சொல்லியிருக்க வேண்டும்.

கனிமொழி


அம்பத்தூர்
30.6.2025

என் முரட்டுக் கனிக்கு,

முதலில் ஒரு நல்ல செய்தி. தட்டுகள் வந்து சேர்ந்தன! ஒரு முட்டைகூட உடையவில்லை. ஆசிக் பூ மாதிரி கொண்டுவந்து இறக்கினான்.

முறைக்காதே. உன்னைக் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரிந்து, பச்சையப்பன் அண்ணனிடமே போனில் பேசினேன். "எனுக்கும் மண்ணுல போட மனசு வர்லமா, நீயாச்சும் எட்த்துக்கோ" என்றார், தங்கமான மனுஷன். வந்த அன்றைக்கே எல்லாம் விற்றுவிட்டது. மதிவதனி குழந்தைக்கென்று பெரிய முட்டையாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கனி. எல்லோரும் ருசியாக இருக்கிறது என்கிறார்கள். நீ வீணாகப் பயந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டாய், அதுதான் எனக்குக் கஷ்டம்.

தங்கச்சிக்கு என் பங்குக்கும் வளையல் போட்டாயா? ஊருக்கு வந்ததும் கோபத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரு நாள் இங்கே வா. மீன் வாங்கிச் சமைக்கிறேன்.

உன்னை விட்டுக்கொடுக்காத,
சுலோ


நசரத்பேட்டை
5.7.2025

சுலோசனாவுக்கு,

உன் கடிதத்தை வீட்டுக்காரர் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். வியாழக்கிழமை வந்து கண்டெடுத்தேன். வீட்டில் என்ன நடந்தது என்று எழுதப்போவதில்லை, தெருவே கேட்டது.

வெள்ளிக்கிழமை ஆசிக் வந்ததும் முட்டைக்குப் பதிலாக நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். "அக்கா, லோடு வண்டிக்கா இது, முன்னாடி சீட்டு பிச்சிகினு கீது" என்றான். பரவாயில்லை, ஓட்டு என்றேன்.

மூன்று பிளாக்கும் ஏறி இறங்கினேன். லிஃப்டில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் படியிலேயே ஏறினேன். ஒவ்வொரு கதவாகத் தட்டி, "நான்தான் கோழி வளர்க்கிற கனிமொழி. என் முட்டையில பூச்சி மருந்து இருக்கு. மிச்சம் இருந்தா குடுத்துடுங்க" என்று சொன்னேன். ஒருத்தர் சிரித்தார், போட்டிக் கம்பெனி அனுப்பிய ஆளா என்று கேட்டார். ஒரு அம்மா கேட்டு முடிப்பதற்குள் கதவைச் சாத்தினாள். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருத்தர் போலீசுக்குப் போவேன் என்று என் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டார். கொடுத்தேன்.

மதிவதனி வீட்டில் குழந்தை மடியில் இருந்தது. கிண்ணத்தில் மஞ்சள் கரு, பாதி ஊட்டியிருந்தாள். நான் சொல்லச் சொல்ல, விரலை விட்டுக் குழந்தையின் வாயைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "வைட்டமின்னுதானே சொன்னாங்க, வைட்டமின்னுதானே சொன்னாங்க" என்றாள். உடனே டாக்டரிடம் கொண்டுபோ, பூச்சி மருந்து என்று வாய்விட்டுச் சொல் என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கிடைத்த முட்டைகளை வாங்கிக் கீழே இறக்கினேன். உன் வீட்டுக் கதவை மட்டும் நான் தட்டவில்லை. வாசலில் நின்றேன். உள்ளே நீ யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாய். தட்டி என்ன சொல்ல? அவர்களுக்கெல்லாம் தெரியாது. உனக்கு எல்லாம் தெரியும். நான்தான் ஒன்று விடாமல் எழுதிவிட்டேனே.

டாக்டர் சொன்னதும் மறுபடி முட்டை விற்பேன். எங்கே விற்றாலும் உன் வழியாக விற்க மாட்டேன். இத்தனை வருஷம் நீ எனக்குச் செய்தது எதையும் மறக்கவில்லை. ஆனால் இதற்கு மேல் என்னால் முடியாது.

கனிமொழி


அம்பத்தூர்
8.7.2025

கனிக்கு,

நீ வந்துபோனது எனக்கு எப்போது தெரியும் தெரியுமா? விளக்கு வைக்கிற நேரத்தில். மதிவதனி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, இந்த மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி என்னைக் கேட்டாள். எல்லோரும் கதவைத் திறந்துகொண்டு நின்றார்கள். அதை நான் வாங்கித்தான் ஆக வேண்டும், வாங்கிக்கொண்டேன்.

நீ கேட்பாய் என்று முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அவள் குழந்தை நன்றாக இருக்கிறது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், பயப்பட ஒன்றும் இல்லை, கொஞ்ச நாள் கவனிக்க வேண்டும் என்றார்கள். நிஷாவையும் அதே டாக்டரிடம்தான் காட்டினேன்.

ஆமாம், நிஷாவையும்தான். அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. தட்டு வந்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு முட்டை உடைத்து ஊற்றி ஆம்லெட் போட்டுக் கொடுத்தேன். நீ என்ன நினைத்தாய், ஊரை ஏமாற்றவா வைட்டமின் முட்டை என்று சொன்னேன்? நான் நம்பினேன், கனி. நீ எழுதினதை நம்பவில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நீ எதையும் பெரிதாக்குகிற ஆள் என்று நினைத்தேன். கோழி தேறிவிட்டது, கொண்டை சிவந்துவிட்டது என்றால் அப்புறம் முட்டைக்கு என்ன கேடு என்று நினைத்தேன். கெடுதல் என்று தோன்றியிருந்தால் பெற்ற பெண்ணின் தட்டில் வைப்பேனா? எனக்கு எல்லாம் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை வரைக்கும் தெரியவில்லை.

அந்த டாக்டர் இவருடைய கையைப் பார்த்து, எத்தனை வருஷமாக இப்படி உரிகிறது என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததிலிருந்து இவர் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறார்.

காலித் தட்டுகளை ஆசிக்கிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பதில் எழுத வேண்டாம். எழுதினால் படிக்கிற நிலையில் நான் இல்லை.

ஒன்றை மட்டும் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. நான் போனில் பேசினதை வைத்துப் பார்த்தால், நீ என் வாசலில் நின்றபோது மணி மூன்றரை இருக்கும். நிஷா வருவது நாலு மணிக்கு. தெரியாதவர்கள் கதவையெல்லாம் தட்டினாய். என் கதவையும் ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். தட்டியிருந்தால் உன்னை உள்ளேகூட விடாமல், வாசலில் வைத்தே கிழித்திருப்பேன். நீயும் சும்மா விட்டிருக்க மாட்டாய். இரண்டு பேரும் தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தியிருப்போம். அந்தச் சண்டையில் அன்றைக்கு என் பிள்ளைக்கு ஆம்லெட் போட மறந்திருப்பேன்.

சுலோசனா